முருகேசன் லைசென்ஸுக்காக மல்லுக்கு நின்ற ஸ்டெல்லாக்கா

ஸ்டெல்லாக்கா போய்விட்டார். இன்று காலை, மண்ணூரில் வீட்டிலேயே... மாரடைப்பு. இன்னும் நம்ப முடியவில்லை.

ஒரகடத்தில் எங்கள் ஆபீஸில் சீனியர் புரோகிராமர். ஃபேக்டரி மெஷின்களிலிருந்து டேட்டா எடுக்கும் சாஃப்ட்வேர் எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கும் சிலர், லீவு நாட்களில் எழுதிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளை, அதாவது மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்த சின்னச் சின்ன புரோகிராம்களை, ஒரே இடத்தில் வைக்க நினைத்தோம். பேச்செல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான்.

எங்கள் மேனேஜர், "நம்ம சர்வர்லயே வைங்க, ஃப்ரீ. ஆனா எல்லாத்துக்கும் ஒரே லைசென்ஸ், கம்பெனி சொல்றதுதான்" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டோம். ஓசி சர்வர் கசக்குமா என்ன!

அக்கா மட்டும் முடியாது என்றார்.

லைசென்ஸ் என்றால் பயன்படுத்துவதற்கான நிபந்தனை; அக்காவின் லைசென்ஸ்படி அவர் எழுதியதை யாரும் எடுத்து எப்படியும் பயன்படுத்தலாம். இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் சாத்தூர்க்காரன் முருகேசன் எழுதியது அப்படியில்லை... அதை மாற்றி வெளியே கொடுப்பவர், மாற்றிய புரோகிராமையும் எல்லோருக்கும் திறந்து கொடுக்க வேண்டும். கம்பெனிக்கு அதுதான் உறுத்தல்.

முருகேசனே வாய்ஸ் மெசேஜ் போட்டான். "விடுங்கக்கா, எனக்காக நீங்க எதுக்கு ஏச்சு வாங்கணும்?"

அக்காவும் வாய்ஸ் மெசேஜிலேயே பதில் போட்டார். "நீ சும்மா இருப்பா. என்னுது வேணும்னா எடுத்துக்கினு போவட்டும், நான்தான் குடுத்தேன். உன் லைசென்ஸ மாத்த அவுங்க யாரு? இன்னா நியாயம் இது?"

மேனேஜரிடமும் இதையேதான் சொன்னார். அதனால் அக்கா கைக்கு வந்திருந்த டீம் லீட் போஸ்ட் வேறொருவருக்குப் போனது. நான்தான் புலம்பினேன். அக்கா டீயை ஊதிக்கொண்டே, "வுடுப்பா... லீட் ஆனா தெனம் மீட்டிங்ல ஒக்காந்துகினு இருக்கணும்" என்று சிரித்தார்.

கடைசியில் இணையத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஹோஸ்டிங் தளத்தில் குரூப் பெயரில் கணக்கு. ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனி இடம், அதனதன் லைசென்ஸோடு. அக்காவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். என்ன தில்லு அந்த மனுஷிக்கு!

இன்று மதியம் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு முருகேசன் மண்ணூருக்கு வந்தான். இத்தனை வருஷத்தில் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. அவன் ஷிப்டுக்கும் எங்கள் நேரத்துக்கும் ஒத்தே வரவில்லை. குரல் மட்டும்தான் பழக்கம்.

ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டுச் சின்ன உருவமாண்ணே அக்கா..." என்றான்.

நாளை காலை அடக்கம். குரூப்பில் அக்கா குரலை மட்டும் கேட்டவர்கள், ஒருமுறை வந்து முகம் பார்த்துவிடுங்கள்.

போய்ட்டு வாங்கக்கா...