சக்கரத்துக்கு இருந்த இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்ததை முன்னால் சொல்வேன். பாதி மறந்தும் போய்விட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் மட்டும் மறக்கவில்லை. அது இருக்கிற வரைக்கும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பேத்திக்கு வருகிற தை மாதம் கல்யாணம். கொச்சியில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள், கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் மண்டபம் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, ஒண்ணு ஆயிரம் பேர் உக்காருற மண்டபமா இருக்கு. இல்லாட்டி ஓட்டல் மாடியில அம்பது பேர் நிக்கிற ரூமா இருக்கு. எறநூறு பேருக்கு இவ்வளவு பெரிய ஊர்ல இடமே இல்ல" என்றாள்.

அப்புறம் போனைப் பார்த்துச் சிரித்தாள். "இதக் கேளுங்க. ஐஸ்ல சறுக்கி வெளையாட எங்க ஊர்ல ஒரு இடம்கூட இல்லியேன்னு ஒருத்தரு எவ்வளவு வருத்தப்பட்டு எழுதியிருக்காரு பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்த சத்தத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். சறுக்கி விளையாட இடம் இல்லையாம். எங்கள் மலையில் அது இருந்தது. கல்யாணம் செய்யத்தான் இடம் இல்லை.

எழுபதுகளில் தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். லயத்தில் ஒரு வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. அப்படிப் பத்து வீடு ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு வாசல், அதை ஒட்டிச் சாக்கடை, அதற்குக் கீழே சரிவு. எங்கள் வீட்டுக்குள் சமுக்காளம் விரித்தால் இருபது பேர் முட்டியை மடக்கி உட்காரலாம். காளியம்மன் கோயிலுக்குள் பூசாரியும் இன்னும் பத்துப் பேரும் நிற்கலாம். பெரிய இடம் என்றால் பந்து விளையாடுகிற மைதானம். அதற்குக் கூரை ஏது.

இருநூறு பேருக்கு என்று இருந்தது இரண்டே இடம். ஒன்று பெரட்டுக் கொட்டகை. விடிந்ததும் நாங்கள் எல்லாரும் வந்து நின்று பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் பிரிந்து போகிற தகரக் கொட்டகை அது. இன்னொன்று மேட்டில் இருந்த கிளப்.

கிளப் துரைமார்களுக்கு. ஆபீசர் குடும்பங்களுக்கு. உள்ளே பலகைத் தரை போட்ட பெரிய ஹால். என்னைக் கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து எடுத்து அங்கே தரை துடைக்க அனுப்பியிருந்தார்கள். முழங்காலில் நின்று மெழுகு தேய்த்து, கம்பளித் துணியால் இழுத்து இழுத்து, என் முகம் தெரிகிற மாதிரி வைப்பேன். எப்போதாவது ஒரு சனிக்கிழமை அங்கே பாட்டுப் போட்டு ஆடுவார்கள். லீவு நாளில் ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் காலில் சக்கரம் வைத்த பூட்சைக் கட்டிக்கொண்டு அந்தத் தரையில் சறுக்கி ஓடுவார்கள். மற்ற நாளெல்லாம் அது சும்மாவே கிடக்கும். சக்கரம் ஓடின கோடுகளை மறுநாள் நான் தேய்த்து எடுப்பேன்.

எங்கள் கல்யாணமெல்லாம் பெரட்டுக் கொட்டகையில்தான். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாருக்கும் லீவு, அதனால் அன்றைக்குத்தான் கல்யாணம். பூ வைத்த அன்றே பெண் வீட்டார் கொட்டகையின் முதல் தூணில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிடுவார்கள். அதைப் பார்த்தவர்கள் எந்த வீடு, எந்த ஞாயிறு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தங்கள் வீட்டு நாளை மாற்றி வைத்துக்கொள்வார்கள். இதற்காக ஒரு சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆபீசில் போய்க் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றினதுமில்லை. நாங்கள் தினமும் நிற்கிற இடம், அதை யாரிடம் போய்க் கேட்பது?

அக்காவுக்குப் போடியில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் நாள் குறித்தார்கள். எங்கள் மலையில் ஆவணியிலும் மழை விடாது. தைக்குத் தள்ளலாம் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். மாப்பிள்ளையின் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. "கூரை இருக்குல்ல, அப்புறம் மழை என்ன செய்யும்?" என்றார். கூரை இருக்கிறது என்று அப்பாவும் சொன்னார். தூணில் துணி கட்டியாகிவிட்டதே.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாங்கள் வேலை முடிந்து வரும்போது கொட்டகையின் பக்கமெல்லாம் தகரம் அடித்துக் கதவு வைத்துப் பூட்டியிருந்தது. உள்ளே கூரை முட்ட உர மூட்டை. எங்கள் மஞ்சள் துணியைக் கிழித்து ஒரு மூட்டையின் வாயைக் கட்டியிருந்தார்கள். தகர இடுக்கு வழியாக நானே பார்த்தேன்.

அப்பா ஆபீசுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். கிளார்க் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். மலையாளத்துக்காரர், அனுமதியை அனுவாதம் என்பார்.

"சாரே, ஞாயித்துக்கெழம எம் மவ கல்யாணம். தூணுல துணி கெட்டியிருக்கே, பாக்கலியா?"

"எந்தத் துணி? இது இப்ப ஸ்டோராக்கும். அனுவாதம் வாங்கினதா?"

"துணி கெட்டுனா அதுதான சாரே அனுவாதம். எப்பவும் அப்பிடித்தான."

"அது உங்க லயத்துல. ஆபீஸ்ல துணியெல்லாம் செல்லாது."

"ரெண்டு நாளைக்கு மூட்டைய வெளிய வைங்க. படுதா போட்டு மூடி, நாங்களே காவல் இருக்கோம். திங்கக்கெழம திருப்பி அடுக்கித் தாரோம்."

"உரம் நனைஞ்சா நீ பதில் சொல்லுவியா?"

உரம் நனையக்கூடாது. சரிதான். நாங்கள் நனையலாம்.

பள்ளிக்கூடம் சின்னதுதான், ஆனாலும் நெருக்கி உட்காரலாம். சாவி தலைமை வாத்தியாரிடம். அவர் ஓணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். அதனால் மறுநாள் அப்பா கிளப்புக்கு வந்தார். நான் வேலை செய்கிற இடம் என்பதால் பின்வாசல் வழியாக அவரை நான்தான் கூட்டிப் போனேன். பெரிய துரை படியில் நின்றிருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டு ஆள்தான், தமிழும் பேசுவார். உள்ளே இரண்டு பிள்ளைகள் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். காலையில் ஒரே ஒரு பொழுது, தாலி கட்டிச் சாப்பிட்டதும் இறங்கிவிடுகிறோம் என்றார்.

"இருநூறு பேர் ஏறினா தரை என்ன ஆகும்? கீறிப் போகும்" என்றார் துரை.

"நாங்க செருப்புப் போட மாட்டோம் தொரை. வெறுங்காலுதான்."

"வெறுங்கால் அதைவிட மோசம். சேறு."

அப்போது ஒரு பிள்ளை சக்கரம் வழுக்கி விழுந்து, இரும்பு முனை பலகையில் கிர்ரென்று இழுத்தது. நான் அந்த இடத்தைப் பார்த்தேன். துரையும் பார்த்தார். "மெதுவா, மெதுவா" என்று பிள்ளையிடம் சிரித்துச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பும்போது அந்தச் சிரிப்பு இல்லை. அந்தத் தரையின் ஒவ்வொரு பலகையும் என் முழங்காலுக்குத் தெரியும். அது என் காலுக்கு ஆகாதாம்.

எங்கள் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே படுதா கட்டிப் பந்தல் போட்டார்கள். அன்று சாயங்காலம் வந்த காற்று அதைக் கிழித்துச் சரிவில் எறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போடிக்காரர்கள் லாரியில் நனைந்தபடி வந்து இறங்கினார்கள். அவர்களை உட்கார வைக்க வேறு வழியில்லாமல் பத்து வீட்டுக்கும் பிரித்தோம். மாப்பிள்ளையும் அக்காவும் நடு வீட்டில். மற்றவர்கள் அங்கங்கே, சாமான்களுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில். எங்கள் சனத்தைக் கீழ் லயத்தில் வைத்தோம்.

மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தில் தாலியைச் சபையில் உள்ள ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட வேண்டும். எல்லாரும் தொட்ட பிறகுதான் கட்டலாம். கொட்டகையில் என்றால் தட்டு கைக்குக் கை மாறி ஒரு கொட்டு முழங்கி முடிவதற்குள் திரும்பி வந்துவிடும். இங்கே சபை பத்து வீடும் இன்னொரு லயமுமாகக் கிடந்தது. அத்தை தேங்காய் மேல் தாலி வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார். நான் என் கம்பளியை இரண்டு கையாலும் விரித்து அவர் தலைக்கும் தட்டுக்கும் மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தவர்கள் எழுந்தால்தான் உள்ளே கால் வைக்க முடியும். ஒரு வீட்டில் ஒரு அம்மா, "ஏ மதினி, தாலிய மட்டும் காட்டுறீக. மாப்பிள்ளய எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டார்.

"அவன் நடு வீட்ல ஊறிக்கிட்டு இருக்கான். கூரை ஒழுகுது" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், "நான் கல்யாணத்துக்கு வந்தேனா, மழைக்கு ஒதுங்க வந்தேனா?" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் முகம் இறுகிவிட்டது.

கீழ் லயத்துக்குப் போகிற படி மழையில் அரித்துப் போயிருந்தது. சுற்றித்தான் போக வேண்டும். நான் வாய்க்குள்ளேயே, "அத்த, நேரமாகுது. எங்காளுக தொடாட்டா பரவாயில்ல" என்றேன்.

"அது எப்பிடித்தா? ஒங்க சனமும் சபைதான. ஒரு கை விட்டுப் போனாலும் எங்க வீட்ல தாலி ஏறாது" என்றார். அவர் மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அவர் எங்கள் சனத்தையும் சபை என்று சொன்னவர்.

சுற்றிப் போகிற அந்த வளைவில் நடக்கும்போதுதான் எனக்கு அது கேட்டது. மேட்டிலிருந்து, கடகட, கடகடவென்று, பலகையில் சக்கரம் ஓடுகிற சத்தம்.

திரும்பி வந்தபோது பூசாரி கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "முகூர்த்தம் முடிஞ்சு போச்சும்மா" என்றார்.

அத்தை தட்டை வைத்தார். "சபைய பத்து வீட்ல பிரிச்சு வச்சது நாங்க இல்ல" என்றார்.

"பிரிச்சது நாங்களா தாயி? பூட்டுனவன் யாருன்னு கேளுங்க" என்றார் அப்பா.

"பூட்டுனவன் எனக்குச் சம்பந்தியா? நீங்கதான சம்பந்தி."

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது, லாரி காத்துக்கொண்டிருந்தது. நேரம் தப்பியே தாலி ஏறியது. நடு வீட்டில் இருந்தவர்கள் மட்டும் பார்த்தார்கள். மற்ற வீட்டில் இருந்தவர்கள் கொட்டுச் சத்தத்தைக் கேட்டு, கையில் இருந்த மஞ்சள் அரிசியைச் சுவரைப் பார்த்துத் தூவினார்கள். மறுநாள் வேலைக்குப் போகும் முன் பத்து வீட்டுச் சுவர் ஓரத்திலும் கூட்டி எடுத்தோம்.

அக்காவின் முதல் பிள்ளை பிறந்து அழவேயில்லை. அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருக்கும்போதே, "நேரம் தப்புன தாலி" என்றார் அத்தை. பிறகு மாடு செத்தாலும் கிணறு வற்றினாலும் அதே பேச்சு. அவர்கள் சொன்னால் சொல்லட்டும் என்று விடலாம். கொஞ்ச வருடத்தில் அக்காவே அதைச் சொல்ல ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பின்னால் தூண் ஓரம் நிற்பாள். தாலித் தட்டு வந்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். என் மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நின்றாள்.

இப்போது பேத்தி கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். போனில் சொல்கிறாள்: "வாரேன்டி. தட்ட மட்டும் எங்கிட்ட நீட்டச் சொல்லாத. எங் கை வேண்டாம்."

"ஒங் கை என்னக்கா செஞ்சுது? கொட்டகையப் பூட்டுனானுவ. கிளப்பத் தெறந்து குடுக்க மாட்டேன்னானுவ. சக்கரம் உருட்டிட்டு இருந்தானுவ. நேரத்தத் தின்னது அவனுவ."

"அன்னைக்குக் கிளப்புல யாரும் இல்லடி. மழை தகரத்துல விழுந்த சத்தம் அது. அம்மாவே சொன்னா. என் தலையெழுத்துக்கு நீ ஏன் தொரைய வையுற?"

நான் அந்தத் தரையைத் துடைத்தவள். மழைச் சத்தம் வேறு, சக்கரச் சத்தம் வேறு. ஆனால் அக்கா நம்பமாட்டேன் என்கிறாள். எனக்கும் வயதாகிவிட்டது, ஞாபகத்தில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

பேத்தி கடைசியில் கொச்சி வேண்டாம், இங்கேயே ஏதாவது பார்க்கலாம் என்கிறாள். இந்த மலையில் இப்போது ஓட்டல்கள்தான் பெருகியிருக்கின்றன, எல்லாம் வந்து போகிறவர்களுக்கு. எங்கே வைத்தாலும் சரி, அக்காவின் கை அந்தத் தாலியில் பட வேண்டும். அவள் தொடாமல் கட்டக்கூடாது என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலும் இப்போது அதுதான் வழக்கம்.

அதனால் இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் கிளப்பில் சமையல், தோட்ட வேலை, காவல் என்று ஏதாவது செய்தவர்கள் உயிரோடு இருந்தால், அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹால் திறந்திருந்ததா, பிள்ளைகள் உள்ளே சக்கரம் ஓட்டினார்களா என்று நினைத்துப் பாருங்கள். கொட்டகை உள்ளபடியே வெள்ளிக்கிழமைதான் பூட்டப்பட்டதா என்பதையும் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. நான் எழுதியது தப்பு என்றால் திருத்திவிடுங்கள். சரி என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். தை பிறப்பதற்குள் என் அக்காவிடம் வந்து சொல்லுங்கள்.