தண்ணீர் குடிக்காத எலி

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தும் எனக்குப் பாலைவன எலிப் பாடம் என்றாலே எரிச்சல் வரும். "எலி தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிக்கொண்டது" என்று வருஷா வருஷம் பிள்ளைகள் எழுதித் தொலைப்பார்கள். பழகவில்லை ஐயா! கணக்கில்லாத எலிகள் தாகத்தில் செத்தன. மரபணுவில் தற்செயலாக வந்த மாற்றத்தால் எவற்றின் சிறுநீரகம் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்ததோ, அவை மிஞ்சிக் குட்டி போட்டன. அவ்வளவு சாவுக்குப் பிறகு வந்த உடம்பு அது.

என்னைப் படிக்கவைத்த அக்காவும் பிள்ளைகள் மாதிரியேதான் பேசுவாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவளுக்குச் சரம் பின்னும் வேலை. கக்கூஸ் காட்டுக் கோடியில் இருந்தது. போய்வருவதற்குள் பின்னவேண்டிய சரம் போச்சு, கூலியும் போச்சு. அதனால் காலையில் குடித்த காப்பியோடு சரி, பொழுதடையும்வரை அங்கே பெண்கள் வாய் நனைக்க மாட்டார்கள். அறை வாசலில் தொட்டி நிறையத் தண்ணீர் கிடக்கும். அது தீப்பிடித்தால் ஊற்றுவதற்கு.

"தண்ணியக் குடிச்சுத் தொலையேன்க்கா" என்று கத்துவேன்.

"போலே! சீசன்ல தண்ணி குடிச்சா லோடு ஏறுமா? எங்க ஒடம்புக்கெல்லாம் பழகிருச்சு."

"அந்த எலிக்கே எத்தனையோ லட்சம் வருசம் ஆச்சுக்கா."

"வாத்தியாரு பாடத்த ஆரம்பிச்சுட்டாருடி!" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சிரிப்பாள்.

நீர்க்கடுப்பு வரும். இளநீரைக் குடித்துவிட்டு மறுநாளே வேலைக்கு ஓடுவாள். போன கோடையில் காலும் முகமும் வீங்கி, மதுரைக்குக் கொண்டுபோனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தண்ணீர் குடிக்காமல், மூத்திரத்தை அடக்கி அடக்கியே கெட்டிருக்கும் என்றார் டாக்டர்.

இப்போது டயாலிசிஸ். குடிப்பது வெளியேற வழியில்லை, நெஞ்சில் நீர் கட்டிக்கொள்ளுமாம். அளந்துதான் கொடுக்கவேண்டும். வேலை இல்லை, கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. குடிக்கத்தான் கூடாது.

நேற்று மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில். அரை டம்ளர் கொடுத்தேன். உதட்டில் வைத்து வைத்துக் குடித்தாள்.

"இம்புட்டுத்தானாலே?"

"சாயங்காலம் தாரேன்க்கா."

காலி டம்ளரைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அந்த எலிக்குத் தாகம் எடுக்குமாலே?"

புத்தகத்தில் அது இல்லை. எனக்கும் தெரியாது.

"எடுக்காதுக்கா" என்றேன்.

"குடுத்துவச்சது" என்றாள்.