பல் பதிந்த அட்டைகள்

டெல்பர்ட் கிரூஸ் எங்கள் கவுன்டியில் பனி தள்ளும் லாரி ஓட்டுபவன். எனக்கும் அதே கொட்டகையில்தான் வேலை. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, கிரெஸ்கோ ஊரில் அவன் வீட்டில் இருந்ததெல்லாம் அவனும் பழைய பேஸ்பால் அட்டைகளும்தான். ஐம்பதுகளில் பபிள்கம் பாக்கெட்டோடு வந்தவை. முன்பக்கம் ஆட்டக்காரனின் முகம், பின்பக்கம் அவன் அடித்த கணக்கு.

ஒருமுறை வாங்கிய அட்டையின் கீழ் மூலையில் பல் தடம் இருந்தது. சின்னப் பற்கள், நடுவில் ஒரு பல் விழுந்த இடைவெளி. அடுத்து மின்னசோட்டாவிலிருந்து தபாலில் வந்ததிலும் அதே தடம். ஒஹாயோவில் ஒரு கண்காட்சியில் எடுத்ததிலும் அதே மூலை, அதே இடைவெளி. விற்றவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அதற்குப் பிறகு டெல்பர்ட் கடிபட்டதை மட்டுமே தேடி வாங்கினான்.

"எல்லாரும் மூலை மழுங்கியிருக்கான்னு பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கறான். நீ என்னடான்னா எலி தின்ன மிச்சத்தைக் கேக்கற!" என்று ஒரு வியாபாரி சிரித்தார்.

"எலிக்கு எங்கய்யா பால் பல்லு விழும்?" என்றான் டெல்பர்ட்.

ஓர் அக்டோபர் மதியம், லாரிகளுக்குப் பனி தள்ளும் தகடு மாட்டி முடித்து, பீர் குடிக்க அவன் வீட்டுக்குப் போனோம். பூட்டைத் திறந்ததுமே பபிள்கம் வாசனை முகத்தில் அடித்தது. கூடத்துக் கம்பளத்தில் அட்டைகள் கிடந்தன. சிதறிக் கிடக்கவில்லை, ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது போல் இருந்தன. பந்து எறியும் பிட்சர் நடுவில், அதைப் பிடிக்கும் கேட்சர் அவனுக்கு நேரே, பேஸ்களில் ஆட்கள், வெளி மைதானத்தில் ஆட்கள். அங்கே வலது கோடியில் மட்டும் ஆள் இல்லை.

"வேர்ன், இது உன் வேலையாடா?" என்று என்னைக் கேட்டான்.

"சாவி உன் பாக்கெட்லதானே இருக்கு."

பீர் பாட்டிலைத் திறக்காமலே வைத்துவிட்டேன்.

அவன் அட்டைகளை ஆல்பத்தில் செருகி வைப்பான். வேலை முடிந்து வந்து பார்த்தால் மறுபடி கம்பளத்தில் ஆட்டம். வலது கோடி காலி.

அடுத்த மாதம் சர்ச் ஹாலில் அட்டைச் சந்தை நடந்தது. சமையலறையிலிருந்து கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டித் தட்டோடு வந்த லிபி ஹவ்லிக், டெல்பர்ட்டின் ஆல்பம் விரிந்து கிடந்த மேசையருகே நின்றுவிட்டார். அறுபதைத் தாண்டியவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது எங்க மைலோ பல்லு."

"யாரும்மா மைலோ?"

"எங்கண்ணன். எட்டு வயசுல போலியோவுல போயிட்டான். மத்தவங்களுக்கும் தொத்திக்கும்னு எங்கப்பா அவன் சாமானையெல்லாம் தகர டிரம்முல போட்டு எரிச்சார். இந்த அட்டைங்களையும் சேர்த்துத்தான் தம்பி. நான் பக்கத்துல நின்னேன். ஒவ்வொரு முகமும் சுருண்டு கருகறதப் பாத்தேன்."

டெல்பர்ட் ஆல்பத்தை மூடினான். பிறகு கம்பளத்தில் நடப்பதைச் சொன்னான். வலது கோடி காலியாக இருப்பதைச் சொன்னபோது லிபி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அங்க என்னைத்தான் நிறுத்துவான். பிடிக்கத் தெரியாத கழுதை, நீ அந்தப் பக்கம் நில்லுன்னு துரத்துவான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் பார்க்க வருகிறேன் என்றார். வந்தார். வாசற்படி வரைக்கும்தான் வந்தார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை வெளியே வந்தது. லிபி பின்வாங்கினார்.

"நான் உள்ள வரலை. வந்தா, 'இதோ வந்துட்டேன் மைலோ'ன்னு என்னை அறியாமச் சொல்லிடுவேன். பயமா இருக்கு."

அவரை வீட்டில் விட்டுத் திரும்பினோம். டெல்பர்ட் நேரே படுக்கையறைக்குப் போய், தான் சிறுவயதில் சேர்த்த அட்டை ஒன்றை எடுத்து வந்தான். எழுபதுகளில் வந்தது, நான்கு மூலையும் மழுங்காமல் கத்தி மாதிரி இருந்தது. கம்பளத்தில் மறுபடி பரவியிருந்த ஆட்டத்தின் முன் மண்டியிட்டு அதை வலது கோடியில் வைத்தான்.

"என்னடா பண்ற, கிறுக்கா?"

"ஒரு ஆள் குறையுது, அவ்வளவுதானே? அந்தப் பையன் அந்தம்மாவை விட்டுடட்டும். பாவம்."

சமையலறைக்குப் போய் ஆளுக்கொரு சாண்ட்விச் செய்துகொண்டு வந்தோம். ஜன்னலில் நல்ல வெயில். அட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. அவனுடைய அட்டையின் கீழ் மூலையில் மட்டும் பல் பதிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

அதோடு அட்டைகள் ஆல்பத்தை விட்டு நகரவில்லை. வாசனையும் போயிற்று. டெல்பர்ட் அட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டான். லிபி இப்போதெல்லாம் பயமில்லாமல் தூங்குகிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கசகசா வைத்த கொலாச்சி கொண்டுவந்து தருகிறார், வாசலில் நின்றபடி.

போன ஜனவரியில், பெரிய பனி பெய்து ஓய்ந்த ஒரு காலை, சோளக்காடுகளுக்கு நடுவே என் லாரியில் எதிரே வந்தேன். டெல்பர்ட்டின் லாரி சாலையில் விளக்கெரிய நின்றிருந்தது. அவன் வெகு தூரத்தில், வெள்ளை வயலின் வலது கோடியில், கால் புதையும் பனியில், பந்துக்குக் காத்திருக்கும் ஆட்டக்காரன் மாதிரி கைகளை முழங்கால் மேல் ஊன்றிக் குனிந்து நின்றான். ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறு என்று காட்டினான். பிறகு மெல்லப் பின்னால் நடந்தான், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமலே.