சாக்கடை வாயில் ஒரு கொசுவலை

கொசுவலை அக்காவின் ஊரிலிருந்து கடலுக்குப் போக பஸ்ஸில் ஒரு முழுப் பகல் ஆகும். ஆனாலும் அவள் வேலை பார்த்த பட்டறையில் கடலுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்ற ஒரே ஆள் அவள்தான்.

பட்டறையில் வாளியும் குவளையும் வார்ப்பார்கள். அதற்கான பிளாஸ்டிக் மணிகள், அரிசியை விடக் கொஞ்சம் பருமனாக, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவசரக்காரர்கள் மூட்டையின் வயிற்றில் கத்தியை இறக்குவார்கள். மணிகள் நாலா பக்கமும் சிதறும். சாயங்காலம் குழாயைப் பிடித்துத் தரையை அலசினால் எல்லாம் வாசல் சாக்கடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு. அக்காவும் அப்படித்தான் அலசிக்கொண்டிருந்தாள்.

அதே ஆறு கடலில் சேரும் இடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கையைப் பார்க்கப் போனபோதுதான் அந்தப் பழக்கம் விட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்த தங்கை, குடலிலிருந்து சில நீல மணிகளை நகத்தால் நெம்பி எறிந்தாள்.

"இது எங்க பட்டறை நீலம்டி."

"உலகத்துல நீலம் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கா? விடுக்கா."

"இல்லாமயும் இருக்கலாம். இருந்துட்டா?"

ஊர் திரும்பியவள், மூட்டையைக் கிழிக்காமல் தையல் நூலைப் பிரித்துத் திறந்தாள். வீட்டுக் கொசுவலையைக் கொண்டுவந்து சாக்கடை வாயில் கட்டினாள். பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "உங்க வீட்டுக் கொசுவுக்கு இனிமே கொண்டாட்டம்தான்" என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வலையை மட்டும் அவிழ்க்கவில்லை.

ஒரு நாள் பேய்மழை. வலை அடைத்துக்கொண்டு, தண்ணீர் பட்டறைக்குள் ஏறி மோட்டாரை நெருங்கியது.

"வலையை அறுத்து விடும்மா. இல்லன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத" என்றார் முதலாளி.

 அக்காவின் வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான். "மோட்டார் நனையாம நான் பாத்துக்கறேன் முதலாளி" என்று மழையில் இறங்கினாள். சாக்கடை ஓரம் குத்தவைத்து, வலையில் அப்பியிருந்த மணிகளைச் சல்லடையால் அள்ளி வாளியில் போட்டாள். அள்ள அள்ளத் தண்ணீர் இறங்கியது. மறுபடி அடைத்தது, மறுபடி அள்ளினாள். மழை ஓயும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த நெஞ்சழுத்தம் லேசில் யாருக்கும் வராது.

மோட்டார் தப்பியது. வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை முதலாளி அப்புறம் எடுக்கவில்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். விளிம்புவரை மணிகள்.

"ஒரு மழைக்கு இவ்வளவா போகுது?"

அக்கா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"இது போகலயே முதலாளி, நின்னுடுச்சே. போனதெல்லாம் இத்தனை வருஷமா நாம அலசி விட்டது."