குளியலறையில் தொங்கிய கோட்டு

கோட்டு தைக்கிற மாஸ்டர் வீட்டைப் போலச் சுத்தமான வீடு அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஒருவர் குளித்துவிட்டு வெளியே வந்தால் இன்னொருவர் உள்ளே போவார். அவர் வந்ததும் முதலில் குளித்தவர் மறுபடி போவார். இத்தனைக்கும் வீட்டில் மூன்றே பேர்: மாஸ்டர், ரொட்டிக் கடை அடுப்படியில் வேலை பார்த்த அவர் மனைவி, மனைவியின் அப்பா.

காரணம் சுத்தம் அல்ல, சோம்பல். கம்பளிக் கோட்டில் மடிப்பு விழுந்தால் ஈரத்துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும். மாஸ்டர் தொழில் கற்றது அப்படித்தான். ஆனால் அது இடுப்பை ஒடிக்கிற வேலை. ஒருநாள் ஒரு கோட்டைக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறந்துபோனார். மாமனார் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்துவிட்டு வந்த பிறகு எடுத்துப் பார்த்தால், கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அன்றோடு இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வு கிடைத்தது, ஓய்வில் இருந்த மாமனாருக்கு வேலை கிடைத்தது.

"மாமா, இன்னும் ஒரு வாளி ஊத்திக்கங்க. கை மடிப்பு போகலே," என்று மாஸ்டர் கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பார்.

"தோல் உரிஞ்சிடும் மாப்ளே!"

"உரிஞ்சா தைச்சுத் தரேன், குளிங்க."

மாமனார் ஒரு குளியலில் மூன்று கோட்டுகளைத் தேற்றிவிடுவார். நாலாவது கோட்டுக்கு வெந்நீர் ஆவி போதவில்லை. அது கதவிடுக்கு வழியாகவும் சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வழியாகவும் வீணாய்ப் போவதைப் பார்த்து மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. லைனிங் துணி மிச்சத்தைச் சுருட்டிக் கதவின் அடியில் அடைத்தார். ஃபேனைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் அணைத்தால் மனைவி போடுவார். அதனால் மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பின்சந்தில் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கோட்டின் தோளில் வைக்கிற பஞ்சுப் பட்டைகள் நாலை எடுத்து, அளவாய் வெட்டி, ஒன்றோடொன்று ஓடுதையல் போட்டு இணைத்து, ஃபேன் குழாயின் வெளிவாயில் திணித்தார். ஃபேன் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடு சுற்றியது, மனைவிக்குத் திருப்தி. ஆவி இம்மியும் நகரவில்லை, மாஸ்டருக்குத் திருப்தி.

குளியலறைக்குத்தான் திருப்தி இல்லை. கண்ணாடி மதியம்வரை வெளுத்தே கிடந்ததால் மாமனார் குத்துமதிப்பாய்ச் சவரம் செய்து, பாதி மீசையோடு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தார். கூரைப் பெயின்ட் அப்பளமாய் உப்பி சோப்பு மேல் உதிர்ந்தது. மூலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. துடைத்தால் போய்விட்டு அடுத்த வாரம் சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது. ஜன்னல் சட்டத்தில் ஒரு காளான் முளைத்தது. குடை அளவு என்றால் நம்பமாட்டீர்கள், கோட்டுப் பொத்தான் அளவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பழைய வீடு. வயசானா புள்ளி வரத்தான் செய்யும். உங்கப்பா முகத்தைப் பாரு," என்று மனைவியிடம் மாஸ்டர் சமாளித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஓட்டல் மேனேஜர் வந்து சேர்ந்தார். பரிமாறுகிறவர்களுக்கு நாற்பது கோட்டு வேண்டும், முதலில் மாதிரிக்கு ஒன்று என்றார். மாஸ்டரின் கடைப் பலகையில் 'திரும்பி வராத கோட்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோட்டும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய ஒரே கர்வம். "கோட்டு வரலையா, ஆளே வரலையா மாப்ளே?" என்று மாமனார் கிண்டுவது வேறு விஷயம்.

மாதிரிக்குத் தைத்துக் கொடுத்த அந்தக் கோட்டு ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. மேனேஜர் அதை இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

"மாஸ்டர், தையல்ல குத்தம் சொல்ல முடியாது. ஆனா இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் சூப்பைக் கொண்டாந்து வெச்சா, சூப் கெட்டுப்போச்சுன்னுதான் நினைப்பாங்க. வெள்ளிக்கிழமை வரேன், இன்னொண்ணு தைச்சு வைங்க. அதுலயும் இந்த வாடை இருந்தா நாப்பதையும் வேற இடத்துல குடுத்துடுவேன். போர்டையும் மாத்தி எழுதிடுங்க."

மாஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. கம்பளி தந்த ஆட்டைக் குறை சொன்னார், நூலைக் குறை சொன்னார், கடைசியில் மாமனாரின் தைலத்தில் வந்து நின்றார்.

"என் தைலம் அடைச்ச மூக்கைத் திறக்கும். அதை ஏன்யா இழுக்கறே?" என்றார் மாமனார்.

மனைவி கோட்டை முகர்ந்தார். குளியலறைத் துண்டை முகர்ந்தார். இரண்டும் ஒரே வாடை. பத்து வருடம் அடுப்படியில் காற்றோடு மல்லுக்கட்டியவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை அப்பா குளித்து வந்ததும் ஃபேனை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடமாகியும் கண்ணாடி தெளியவில்லை. ரொட்டி சுற்றுகிற மெல்லிய தாளை ஃபேன் முகத்தில் வைத்தார். இழுத்து ஒட்ட வேண்டிய தாள் பொத்தென்று விழுந்தது.

"சுத்துது, ஆனா இழுக்கலே," என்று குனிந்தவர் கண்ணில் கதவடித் துணிச்சுருள் பட்டது. "இது என்னங்க?"

"பூரான் வராம இருக்க."

"எங்க அடுப்புல கீழ்வாயை அடைச்சா மேலே புகை போகாது. காத்து உள்ளே வந்தாத்தானே எதுவும் வெளியே போகும்?" சுருளை உருவிவிட்டு மறுபடி தாளை வைத்தார். மறுபடியும் விழுந்தது. "வெளியே ஏதோ அடைச்சிருக்கு. ஸ்டூலை எடுங்க."

"ஸ்டூல் கால் உடைஞ்சிருக்கே."

"அப்பா உட்கார்ந்திருக்கிறது எது?"

"நான் மெதுவாத்தாம்மா உட்கார்ந்திருக்கேன்," என்றார் மாமனார், மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல்.

சுவிட்சை அணைத்துவிட்டு மனைவி பின்சந்தில் ஸ்டூல் போட்டு ஏறினார். குழாய்க்குள் கைவிட்டு இழுத்தார். நாலு பட்டைகள், பச்சைத் தாடி வளர்த்து, சொட்டச் சொட்ட வெளியே வந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? அடைக்கிற பஞ்சுக்குக்கூட ஓடுதையல் இவ்வளவு நேரா இருக்கே!"

"நேராத்தானே இருக்கு?" என்றார் மாஸ்டர், அந்த நிலையிலும் விடாமல்.

மனைவி சொன்னதையெல்லாம் மாஸ்டர் செய்தார். ஃபேன் இறக்கையில் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டினார். கதவின் அடியில் டேப் வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, இரண்டு விரல் அகலம் அறுத்தெடுத்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தார். இனி குளிக்கப் போகும்போதே ஃபேன், குளித்து முடித்து அரை மணி நேரமும் ஃபேன், துண்டு வெளிக்கொடியில், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே குளியல் என்று சட்டம் போட்டார் மனைவி. மறுநாள் தாள் ஃபேனில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் கண்ணாடி தெளிந்தது. மாமனார் கண்ணாடியை எட்டிப் பார்த்து, "யாருய்யா இந்தக் கிழவன்?" என்றார்.

வியாழன் மாலைக்குள் மாஸ்டர் புதுக்கோட்டைத் தைத்து, ஈரத்துணி போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இஸ்திரி செய்து முடித்தார். கடைசியில் முகர்ந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துணி இத்தனை நாள் இருந்தது குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில். வாடை லேசாக, ஆனால் நிச்சயமாக இருந்தது.

"போர்டைக் கழட்டிடலாமா?" என்றார் மெல்ல.

மனைவி கோட்டை வாங்கி ஹேங்கரில் மாட்டினார். வெள்ளி விடிந்ததும் கோட்டை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். அடுப்புக்கு எட்டத்தில், சூடான உலர்காற்று வீசுகிற சுவரில் மாட்டினார். மதியம் கொண்டுவந்து கடையில் தொங்கவிட்டார்.

மேனேஜர் வந்தார். காலரை முகர்ந்தார். அக்குளை முகர்ந்தார். பைக்குள் மூக்கை நுழைத்தார். மறுபடி காலருக்கு வந்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இதுல என்ன போட்டீங்க?"

"ஏன் சார்?"

"பசிக்குதே மாஸ்டர்! அப்பத்தான் சுட்ட பன் மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் நடந்தா, காப்பி குடிக்க வந்தவன்கூட சாப்பிட்டுட்டுத்தான் போவான். நாப்பதும் இப்படியே வரணும்."

மாஸ்டர் கண்ணை இமைக்கவில்லை. "அது நம்ம கடை ஸ்பெஷல் சார். வெளியே சொல்றதில்லே." பின்னால் மனைவிக்குப் பெரிதாய் ஓர் இருமல் வந்தது.

அந்த மாதம் முழுக்க அடுப்படிச் சுவரில் கோட்டுகள் வரிசையில் நின்றன. வாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் மாமனார் ஒருவர்தான்.

பலகை இன்னும் இருக்கிறது. 'திரும்பி வராத கோட்டு' என்பதன் கீழே மனைவி சாக்கட்டியால் 'ஒரு தடவை தவிர' என்று எழுதிவைத்தார். மாஸ்டர் அதை அழிக்கவில்லை. வரி கோணலாய் இருக்கிறது என்று டேப் வைத்து, நேராக்கி எழுதினார்.