உயராத வலது கை

டாலிகஞ்சில் இருக்கும் என் பிசியோதெரபி கிளினிக்கை இன்சூரன்ஸ் பேனலில் சேர்க்கலாமா என்று சரிபார்க்க வந்தவர் அவர். சேர்க்காவிட்டால் அந்த மாதத்தோடு கிளினிக்கை மூட வேண்டியதுதான்.

மெலிந்த உடம்பு, வெளுத்த நீலச் சட்டை. ஒவ்வொரு சான்றிதழையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைத் தேடினார். எல்லாம் இடது கையால். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழை எடுக்க அந்தக் கையையும் உயர்த்த முயன்றபோது முகம் கோணியது.

"தோள் இறுகிப்போயிருக்கு சார். உட்காருங்க, அஞ்சு நிமிஷம் பார்க்கிறேன்."

சட்டென்று பின்வாங்கினார். இதே ஊரில், கிடர்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; ஊர் வழக்கப்படி அக்காவைத் 'தீதி' என்பவர்.

"வேணாம் தீதி! நீங்க தொட்டுட்டா நான் ரிப்போர்ட் எழுதக்கூடாது. வேற ஆள் வரணும், மூணு மாசம் ஆகும்."

"வலிக்குதே?"

"வலிக்கட்டும். கிளினிக் பாஸானது என் தோளைப் பார்த்துவிட்டதாலன்னு பேச்சு வரணுமா?"

இடது கையாலேயே, கோணல்மாணலாகக் கையெழுத்திட்டுப் போனார்.

பேனலில் சேர்த்த கடிதம் வந்தது. இனி சிகிச்சைக்கு வரலாமே என்று காத்திருந்தேன்; அவர் வரவேயில்லை. சட்டையைக் கழற்றத் திணறும் யாரைப் பார்த்தாலும், அந்த நீலச் சட்டைக்காரருக்கு யார் கழற்றிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.