ஓவனில் கோஸ், கேட்டில் மச்சான்

முட்டைக்கோஸின் ஓரம் ஓவனில் கருக ஆரம்பிக்கும்போது ஒரு வாசனை வரும். கடலை வறுபடும் வாசனையில் பாதி, வெல்லம் காய்ச்சும் வாசனையில் பாதி. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வாசனை எழுந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது... ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்!

காரணம், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த என் மச்சான். மனைவியின் அண்ணன். காரிமங்கலம் பக்கம் கோஸ் போடும் விவசாயி. மூன்று வருஷம் முன்பு தருமபுரியில் வீடு கட்டிக் குடிபோனோம். ஊரையெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்த நான், 'நம்ம மச்சான்தானே' என்று அவருக்கு மட்டும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். தங்கை வீட்டு விசேஷத்துக்கு முதல் தட்டே அண்ணனுக்குத்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம் இது.

அவர் சண்டை போடவில்லை. வந்தார், சீர் வைத்தார், சாப்பிடாமல் போய்விட்டார். அதன்பிறகும் வருகிறார் — ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை கோஸோடு. ஆனால் கேட்டோடு சரி. "இப்பதான் சாப்ட்டேன் பாப்பா." ஐம்பதை நெருங்கும் என் மனைவி அந்தப் 'பாப்பா'வைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்கும் மூட்டை இறங்கியது. நான் கிச்சனில். அவர் முன்பு தந்த கோஸ்தான் ஓவனில்.

பக்குவம் கேட்கிறீர்களா? இதில் தோற்கவே முடியாது. நடுத்தண்டை வெட்டி எறியாதீர்கள் — இலைகளைப் பிரியாமல் பிடித்திருப்பது அதுதான். விரல் தடிமனுக்கு வில்லை வில்லையாக நறுக்கி, கடலெண்ணெய், உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு தடவி, இருநூறு டிகிரியில் அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். ஓரம் கறுக்கும்; பயப்படாதீர்கள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால், ரசம் சோற்றுக்கு வேறென்ன வேண்டும்?

மச்சான் பயந்துவிட்டார். "பாப்பா, உள்ள என்னமோ தீயுது பாரு!" செருப்பை உதறிவிட்டு விறுவிறுவென்று கிச்சனுக்கே வந்துவிட்டார்.

"என்னங்க மாப்ள, கோச இப்பிடிக் கருக்கி வெச்சிருக்கீங்க?"

"கருகல மச்சான், இதான் ஓவன் பக்குவம்."

"நல்ல பக்குவம் போங்க! மாட்டுக்கு வெச்சாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்."

அவர் பின்னாலேயே மனைவியும் கிச்சன் வாசலுக்கு வந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அண்ணன் இவ்வளவு தூரம் உள்ளே வந்ததில்லை. நானோ பக்கம் பக்கமாக எழுதுகிறவன். மன்னிப்பு என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். துணியால் சூட்டுத் தட்டைப் பிடித்தபடியே சொன்னேன்: "மச்சான், அன்னிக்கி நேர்ல வந்து உங்கள அழைச்சிருக்கணும். தப்புதாங்க."

அவர் தட்டையே பார்த்தார். "கையச் சுடப்போவுது, மொதல்ல கீழ வைங்க" என்றார். பிறகு கருகின ஓரத்தை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு...

"அண்ணா, சோறு போடட்டுமா?" மனைவி அதற்குள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிட்டாள்.

"பின்ன? வெறுங்கோசயா திம்பாங்க?"

ரசத்தோடு மூன்று வில்லை உள்ளே போயின. ஒரு வார்த்தை பாராட்டு கிடையாது. நேரில் போய் அழைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். போகாததற்கு மூன்று வருஷம் ஆனது!

வண்டியைக் கிளப்பியவர், என் பக்கம் திரும்பினார்.

"கோசு பரவால்லீங்க மாப்ள. அடுத்த தடவ உப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க."